சரியான வேகம்

முதலிலை ஒரு விசயம்.
தவில் கேட்டு வளந்தவனுக்கு
ட்ரம் சோலோ போட்டுக் காட்டாதேயுங்கோ.
அந்த றொக் கூட்டத்தின்ரை இரட்டைத் தட்டு,
மேடையிலை பதிஞ்சது,
மூண்டாம் பக்கம் முழுக்க
ஒருத்தன் அடிக்கிறான், அடிக்கிறான்,
பதினேழு நிமிசம்.
ஒரு கணக்கும் வந்து சேரேல்லை.
இணுவில் கோயில் வீதியிலை
மீசை முளைக்காத பொடியனும்
ரெண்டு ஆவர்த்தனத்துக்குள்ளை
கொண்டுவந்து சமத்திலை வைச்சிருப்பான்.
ஆனா நாலாம் பக்கத்துக் கிற்றார் வேறை.
கொய்யா விதை பல்லிடுக்கிலை சிக்கின மாதிரி
ஒரேயொரு சுரம்,
ரெண்டு நாளாப் போகேல்லை.
அதுக்காக, ஐஞ்சுக்கு மூண்டு.

செல்லோத் தட்டு
கொழும்பிலை பழைய சாமான் கடையிலை எடுத்தது.
உறையிலை ஆரோ ஒரு டொறீனுக்கு
ஆரோ பிறந்தநாள் வாழ்த்து எழுதி வெட்டியிருக்கினம்.
தனி வாத்தியம். பக்கவாத்தியம் இல்லை.
முதல் வருசம் பிடிக்கேல்லை.
மனுசன் ஆலாபனை செய்யிறார், செய்யிறார்,
கீர்த்தனை எப்ப வரும் எண்டு
காத்துக்கொண்டே இருந்தனான்.
பேந்தொரு மாரியிலை
கிணறு கட்டுமட்டம் நிரம்பி நிண்ட இரவு
விளங்கிச்சுது: வராது.
வில்லை இழுக்க முன்னம்
அவர் மூச்சு எடுக்கிறது கேக்கும்.
ஐஞ்சு. அதிலை ஒண்டு மூச்சுக்கு.

நாதஸ்வரக் கசற். தோடி.
பதிஞ்சவன் பாவி.
தவில் தனி தொடங்க
நாடா முடியுது எண்டு நிப்பாட்டிப் போட்டான்.
மற்றப் பக்கத்திலை
நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் இருந்திருக்கு.
கடைசியா “கச்சான், கச்சான்” எண்டொரு குரல்,
அதுவும் சுருதி பிசகாமல்.
இதுக்குப் புள்ளி போடமாட்டன்,
வழக்குத்தான் போடுவன்.

இனி ஜாஸ்.
தொண்ணூற்றி மூண்டு. கரண்ட் இல்லை,
பற்றறிக்குத் தடை.
கொக்குவிலிலை றெஜினோல்டின்ரை அறை.
சைக்கிளைக் கவிட்டு வைச்சு
அவன் பெடலைக் கையாலை சுத்த
டைனமோவிலை இருந்து வயர் இழுத்துக்
கேட்டனாங்கள்.
பேர் எழுதாத கசற்.
ஒரு ட்ரம்பெற், ஒரு பாஸ்,
அரிசி புடைக்கிற மாதிரி ஒரு ட்ரம்.
மூண்டாவது உருப்படியிலை
ட்ரம்பெற்காரன் மெல்ல மெல்லத் தளருவான்.
சுருதி இறங்கும்.
படலை வரைக்கும் போய்
என்னத்துக்கு வந்தனெண்டு மறந்த ஆள் மாதிரி நிண்டு
திடீரெண்டு எழும்பி வருவான்.
இப்பிடியொரு துக்கத்தை
எந்த வித்துவானும் வாசிச்சதில்லை எண்டு
கண்டவை எல்லாருக்கும் சொன்னனான்.
“காலப்பிரமாணத்தை மீறுந் துணிவு” எண்டு
கொப்பியிலையும் எழுதினனான்.

கசற் இடப்பெயர்விலை துலைஞ்சுது.
போன ஆவணி,
நான் வாயாலை பாடிக் காட்ட
மருமகன் அதைத் தேடிப் பிடிச்சான்.
பேரோடை, உறையோடை, புதுத் தட்டு.
மூண்டாவது உருப்படி.
தளரேல்லை.
நூல் பிடிச்ச மாதிரி நேரா வாசிச்சு
நேரா முடிச்சான்.
திருப்பிப் போட்டன்.
வேறை பதிவாக்கும் எண்டு உறையை
ரெண்டு கண்ணாடி மாத்திப் படிச்சன்.
பிறகுதான் —

தளந்தது றெஜினோல்டின்ரை வலக்கை.
எழும்பினது, இடக்கைக்கு மாத்தினது.

பேர்கனுக்கு எடுத்துச் சொன்னன்.
சிரிக்கேல்லை அவன்.
“உந்தச் சாமான் எனக்குக் காதிலை ஏறவேயில்லை, மச்சான்.
எப்ப முடியுமெண்டு எண்ணிக்கொண்டிருந்தனான்.
செயின் கறள். அது ஞாபகம்.
அங்கை மழையே?”

நல்ல தட்டு. பிழை சொல்ல ஏலாது.
ஐஞ்சுக்கு மூண்டரை.
கொப்பியிலை பழைய வரியை வெட்டேல்லை.
பக்கவாத்தியம் எண்டு கீழை ஒரு கோடு போட்டு
அவன்ரை பேரை எழுதினனான்.

றொக்குக்கு மூண்டு போட்டது கூட.
ரெண்டரை.