மைனஸ் முப்பது, பொம்மசந்திரா

வெளியே சித்திரை.
தொழிற்பேட்டைச் சாலையில் தார் இளகிச்
செருப்பில் ஒட்டுகிறது.
உள்ளே மைனஸ் முப்பது.
நடுவில் ஓரடித் தடிமனில் ஒரு கதவு.
அதைத் திறந்து மூடும் வேலை எனக்கு.

பன்னிரண்டு மணி நேரமாக
ஊறிக் கிடக்கிறது கார்.
ஊறுதல் என்றுதான் நாங்கள் சொல்வோம்,
இட்லிக்கு அரிசி போட்டதுபோல.
விலை ஏழு கோடி.
எழுநூற்று நாற்பது குதிரைகள்,
ஒன்றுகூடக் கனைக்கவில்லை.
நேற்று மாலை ஆளை அசத்திய மஞ்சள்
இப்போது
சுண்ணாம்பு அடித்த பரங்கிக்காய்.

படிவத்தில் ஆறாவது கேள்வி:
கண்ணாடி மேல் படிந்திருப்பது எது?
ஐந்து கட்டங்கள், ஐந்து பெயர்கள்.
எனக்கு வாய்த்தது ஒரே சொல்.
புல் நுனியில் நிற்பது பனி.
மலையை மூடுவதும் பனி.
தை மாதம் ஓசூரில்
கம்பெனி பஸ்ஸை விழுங்கிவிட்டு
ஹாரனை மட்டும் துப்புவதும் பனி.
கையுறை விரலால் சுரண்டிப் பார்த்து
மூன்றாவதில் டிக் போட்டேன்.

மாச்சய்யா வந்தார், ஓட்டுபவர்.
குடகுக்காரர், குளிர் பழக்கம் என்பார்,
மூக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது.
சாவியைக் காட்டினால்
கைப்பிடி தானே வெளியே வர வேண்டும்.
வரவில்லை.
விரல் நுழைய இடமில்லாத அழகு.
மறுபடி காட்டினார்.
மூன்றாம் முறை கெஞ்சுவதுபோல் காட்டினார்.
சுடுநீர் ஊற்றக் கூடாது, நெம்பக் கூடாது,
கண்ணாடிக்கு அப்பால்
திரையில் நான்கு வெள்ளைக்காரர்கள்
காப்பியோடு பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பீரோவுக்கும்
இதே வியாதிதான்.
நகருங்க என்று சொல்லிவிட்டு
இடுப்பால் ஓர் இடி.
பனிப்பொருக்கு சடசடவென்று உதிர,
வெட்கப்பட்டுக்கொண்டே
வெளியே வந்தது கைப்பிடி.

திரையில் யாரோ கேட்டார்,
அது என்ன முறை?

முதல் முடுக்கலில் இருமல்.
இரண்டாவதில் ஒன்றுமில்லை.
என் மூச்சு முகமூடிக்குள் உறைந்து
மீசையாக முளைத்தபோது
மூன்றாவது.
தரை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது,
லாயம் முழுக்க ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது.
உருளைகளின் மேல் சக்கரம் சுழல,
எதிரே ராட்சத விசிறி ஊளையிட,
முள்
நூறு, நூற்றைம்பது,
இருநூற்றுப் பன்னிரண்டு.
அரை மணி நேரம் அந்த வேகம்.
மாச்சய்யா எங்கேயும் போகவில்லை.
இறங்கும்போது மட்டும்
வெகுதூரம் போய் வந்தவர்போல்
தரையைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

அறிக்கையில் எழுதினேன்:
கைப்பிடி, தோல்வி.
கதவு திறந்த முறை, பக்கவாட்டு விசை,
மதிப்பு அளக்கப்படவில்லை.

கதவைத் தாண்டியதும்
மூக்குக் கண்ணாடி வெளுத்துப்போனது.
குருடிபோல் நின்றேன் கொஞ்ச நேரம்,
வியர்வை ஊறும் சத்தம்
கேட்பதுபோல் இருந்தது.

அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில்
பஸ் நாற்பது நிமிடம் நின்றது.
எவனோ இறங்கி இளநீர் குடித்துவிட்டு
நடந்தே வந்து ஏறிக்கொண்டான்.

இரவில் புடவை மாற்றும்போது
பரிதி பார்த்துவிட்டான்,
இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு
நாவற்பழ நிறத்தில் ஒரு கன்றல்.
எங்கே இடிச்சுக்கிட்டே?
பனியில, என்றேன்.
என்னையே பார்த்தான்.
பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
மின்விசிறியை
ஐந்தில் வைத்தான்.