ஐந்து நாளுக்கொரு படம்

கோச்கோர் போகும் சாலையில் எனக்கு இரவுப் பணி.
மூன்று பம்பு, ஒரு விளக்குக் கம்பம்,
கண்ணாடிக் கூண்டுக்குள் நான், ஜூரகான்.
நள்ளிரவுக்குமேல் வருவதெல்லாம்
சீனச் சரக்கு ஏற்றிய லாரிகள்தான்.
இடைப்பட்ட நேரத்தில் மலையைப் பார்க்கிறேன்,
இருட்டில் தெரியாத மலையை,
கைபேசியில்.

பணம் கேட்காத தளம் அது.
ஐந்து நாளுக்கொருமுறை, காலை பதினொரு மணி வாக்கில்
ஒரு செயற்கைக்கோள் எங்களைக் கடந்து போகிறது.
பார்த்ததை ஊருக்கே காட்டிவிடும்,
எதையும் மடியில் கட்டிக்கொள்ளாது.

பாதி ரஷ்யன், பாதி ஆங்கிலம்.
புரியாத சொல்லை அழுத்திப் பார்ப்பேன்;
என்ன நடக்கிறதோ அதுதான் அதன் பொருள்.
ஒரு பொத்தான் புல்லையெல்லாம் சிவப்பாக்கிவிட்டது.
எங்கள் பள்ளத்தாக்கு
அறுத்துப் போட்ட ஆடுபோல் கிடக்க
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
மறுநாள்தான் குறிப்பைப் படித்தேன்:
உயிருள்ள பச்சை இப்படித்தான் தெரியும்.
தண்ணீர் கறுப்பு. பனி வெளிர்நீலம்.

முதலில் தேடியது என் வீட்டை.
ஒரு கட்டம் பத்து மீட்டராம்.
வீடும் கொட்டகையும் கடனும்
ஒன்றரைக் கட்டத்தில் கரைந்து போயிருந்தன.
பெட்ரோல் பங்க் மட்டும் ஆறு கட்டம்.

அப்புறம்தான் அந்தக் கறுப்புப் புள்ளி,
பனியாற்றின் வாயருகே.
மே மாதம் பதினொரு கட்டம்.
ஜூன் நடுவில் எண்பத்தாறு.
ரசீதுகளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
அடுத்த படம்: மேகம்.
அதற்கடுத்தது: மேகம்.
மேகத்தை நான் அவ்வளவு திட்டியதில்லை,
வைக்கோல் காயவைக்கிற நாளில்கூட.
ஜூலை இரண்டு: இருநூற்றுப் பதினான்கு.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
ஏரிக்குப் பெயர் என்ன என்றார்கள்.
பெயர் இல்லை, போன வருஷம் ஏரியே இல்லை என்றேன்.
பெயர் இல்லாததற்கு
எந்தப் படிவம் நிரப்புவது என்று
உண்மையாகவே வருந்தினார் அந்த மனிதர்.

ஜூலை ஏழு: ஒன்பது.
மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.
சேற்று நிறத்தில் ஒரு கோடு மட்டும்
கீழே, ஆறுவரை.

யாரும் சாகவில்லை.
ஒரு மரப்பாலம் போயிற்று.
ஷைலோபெக்கின் இரண்டு செம்மறிகள் போயின.
டீசல் போட வந்தவரிடம் கேட்டேன்:
என்றைக்கு? எத்தனை மணிக்கு?
"ஐந்தாம் தேதி ராத்திரி. மணி யார் பார்த்தது?
இருபது லாரி ஒன்றாகப் பின்னால் வருவதுபோல் சத்தம்.
பிறகு கல் வாசனை."

கல் வாசனை.
எந்தப் படத்திலும் அது இல்லை.

தளத்தின் அடியிலிருந்த முகவரிக்கு
எண்களையும் சத்தத்தையும் வாசனையையும்
எனக்குத் தெரிந்த ரஷ்யனில் அனுப்பினேன்.
பதினேழு நாள் கழித்து நான்கு வரி வந்தது,
யாரோ மீர்யாம் ஹால்டர் என்பவரிடமிருந்து.
நன்றி, அந்த ஏரி எங்கள் பட்டியலில் இல்லை.
சரியான நேரம் கிடைக்குமா?

மறுபடி ஷைலோபெக் வீட்டுக்குப் போனேன்.
ஆடுகளுக்கு நஷ்டஈடு வாங்கிவந்தேன் என்று நினைத்தார்.
இல்லை, மணி வேண்டும் என்றதும்
என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
அவர் மனைவிதான் கைபேசியைத் துழாவினாள்:
பயத்தில் தங்கைக்கு அனுப்பிய செய்தி,
"ஆறு கத்துகிறது, விழித்திருக்கிறாயா?"
இரண்டு மணி பதினான்கு நிமிடம்.

தங்கை பதில் போடவில்லையாம்.
அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள்,
தேநீர் ஆறிப்போகும்வரை கேட்டேன்.

நேற்று வந்த படத்தில்
ஒன்பது, பன்னிரண்டாகியிருக்கிறது.
நாளைக்கு இன்னொரு படம்.
மேற்கே மேகம் திரள்கிறது.
ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது, வருகிறேன்.