ஒரு நிமிடம் பேசாதிருங்கள்

தார்த்து நகரில் எங்கள் பேட்டைக்கு சூப்புப் பேட்டை என்று பெயர்.
தெருக்கள்: பட்டாணி, அவரை, உருளைக்கிழங்கு.
நான் பட்டாணித் தெரு, மரவீடு, கீழ்த்தளம்.
இதைச் சொன்னதும் வானொலிப் பையன் சிரித்தான்.
"அருமை, இதிலிருந்தே தொடங்கலாம்."
அதோடு நான் சொன்னதில் அவனுக்குப் பிடித்தது தீர்ந்தது.

பெயர் ராய்கோ. வாசலில் காலணியைக் கழற்றினான்.
இடது பெருவிரல் காலுறையைத் தாண்டி வெளியே பார்த்தது.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
பேட்டி முடியும்வரை அந்தக் காலை
மற்றக் காலுக்கடியில் ஒளித்தே வைத்திருந்தான்.
அவன்மேல் எனக்கு முதலில் அன்பு வந்தது அங்கேதான்.

எப்போது எழுதுவீர்கள்?
அதிகாலை ஐந்து மணிக்கு, என்றேன்.
ஏன் சொன்னேனோ.
ஐந்து மணிக்கு நான் மனிதப் பிறவியே இல்லை.
எட்டரைக்கு எழுந்து, சாம்பல் அள்ளி, கணப்பு மூட்டி,
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு
மின்கட்டணத்தை மூன்றுமுறை படிப்பேன்,
படிக்கப் படிக்கத் தொகை குறையும் என்பதுபோல.
பத்திலிருந்து நான்குவரை பின்னிஷிலிருந்து
சலவை இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பேன்.
"வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவவும்."
நான் எழுதியதில் அதிகம் பேர் கண்ணில் பட்ட வரி அதுதான்.
யாரும் கழுவுவதில்லை.
நாவல் அதற்குப் பிறகு,
உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்.
சில அத்தியாயங்கள் அடிப்பிடித்திருப்பது அதனால்தான்.

உங்கள் நாயகி ஏன் ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை?
எந்த நாயகி, எந்த ஆறு?
பன்னிரண்டு வருடமாயிற்று.
நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திறந்து காட்டினான்.
ஓரத்தில் பென்சிலால் "ஐயோ" என்றிருந்தது.
அவன் எழுதியதா, நூலகத்தில் வேறு யாருமா,
கேட்க வாயெடுத்தேன். வெளியே வந்தது வேறு:
"மறதியும் ஒருவகை நினைவுதானே."
யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால்
சிவப்பு மையில் அடித்திருப்பேன்.
ராய்கோ மெதுவாகத் தலையாட்டினான்,
கிணற்றை எட்டிப் பார்ப்பவன்போல.

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் விறகு லாரி.
மூன்று கனமீட்டர் பிர்ச்,
கொட்டிவிட்டுப் போயே போய்விட்டான்.
வானம் மூடிக்கொண்டு வருகிறது.
இவன் தனிமையைப் பற்றிக் கேட்கிறான்.
தனிமை அவசியம், என்கிறேன் நான்,
நனைந்த விறகு ஜனவரிவரை புகையுமே என்று நினைத்தபடி.

"கடைசியாக ஒன்று. இந்த அறையின் ஒலி வேண்டும்,
வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போட.
ஒரு நிமிடம் பேசாதிருங்கள்."

கணப்பில் ஒரு கட்டை சரிந்தது.
குளிர்பெட்டி பெருமூச்சு விட்டது.
மேல்வீட்டு ஹெல்வி நாற்காலியை இழுத்தாள்,
சுவரிலிருந்து சன்னலுக்கு, மறுபடி சுவருக்கு.
பக்கத்து வீட்டு எண்டெல், யாரும் கூப்பிடாமலே,
என் விறகை அடுக்கத் தொடங்கியிருந்தார். டக். டக்.
என் வயிறும் ஏதோ சொன்னது.

அப்போது வந்தது பதில்.
கழுத்து! அந்த இலையுதிர்காலம் விறகு அடுக்கி
எனக்குக் கழுத்து பிடித்திருந்தது, இரண்டு வாரம்.
நான் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆகவே அவளும்.
சொல்ல வாய் திறந்தேன்.
ராய்கோ உதட்டில் விரல் வைத்தான்,
கண் சிவப்பு எண்களில்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

நிமிடம் முடிந்தபோது அதைச் சொல்ல
எனக்கே வெட்கமாகிவிட்டது.

வெளியே முதல் துளிகள்.
கருவியைப் பைக்குள் வைத்து, பையை மாடிப்படிக்கடியில் வைத்து,
ராய்கோ ஒரு கட்டையைத் தூக்கினான்.
"பட்டை மேலேயா, கீழேயா?"
மேலே, என்றேன் உடனே. மேலே. தண்ணீர் வழிந்துவிடும்.

வியாழக்கிழமை ஒலிபரப்பானது. நான் கேட்கவில்லை.
ஹெல்வி கேட்டாளாம்.
"என் நாற்காலி நன்றாக வந்திருக்கிறது" என்றாள்.