இரண்டு மில்லி

லோகராஜின் மோரிஸ் மைனருக்கு
வலப்பக்க முக்கோணக் கண்ணாடியின் கொக்கி இல்லை.
பினாங்கிலும் கிடைக்கவில்லை.
இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிற காசுக்குக்
கதவையே வாங்கிவிடலாம்.
இடப்பக்கத்துக் கொக்கியைக் கழற்றித் தந்தார்.
"இதப் பாத்து செஞ்சிடு, கனகா.
ஒரிஜினல். ஐம்பத்தேழாம் வருசத்துச் சாமான்."

செம்பனை ஆலையின் தண்டு லேத்தில் பாதியில் கிடக்க,
வெர்னியர் வைத்து அளந்தேன்.
குரோம் உரிந்த இடத்தில் பித்தளை.
பித்தளைமேல் அரம் இழுத்த கீறல்கள், எதிர்ச்சாய்வாக:
யாரோ இடக்கைக்காரர்.
துளை, நடுவிலிருந்து இரண்டு மில்லி கீழே.

தொழிற்சாலை இப்படித் துளைக்காது.

அவரிடம் சொல்லவில்லை.
ஒரிஜினல் என்கிறபோது அவர் முகம்
துடைத்த பம்பர் மாதிரி இருக்கும்.
தப்பைப் பார்த்து எழுதுவானேன் என்று
நான் துளையை நடுவில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பாடாங் செராயில் மழை.
லூனாஸ் சாலையோரத்திலிருந்து போன்:
"உன் பக்கம் ஒழுகுது, கனகா.
தொடையெல்லாம் ஈரம்.
ஒரிஜினல் பக்கம் ஒரு சொட்டு இல்ல."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது.
இந்த வெயிலில் கண்ணாடி ரப்பர்
நாலு வருசத்தில் சுருங்கிக் கீழே இறங்கிவிடும்.
கொக்கி இழுத்துப் பிடிக்க வேண்டிய இடமும்
கூடவே இறங்கும்.
இடக்கைக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது.
எந்த மழையில் நனைந்து தெரிந்துகொண்டாரோ.

துளையைப் பித்தளை வைத்து அடைத்தேன்.
ராவி வழவழப்பாக்கி
மறுபடி குறித்தேன்,
நடுவிலிருந்து கீழே
ஒன்று,
இரண்டு.