நூற்றைம்பது சொற்களுக்குள்

பின்புலம், ஆர்வங்கள், ஒரு புகைப்படம்.
செப்டம்பர் பத்துக்குள் அனுப்புங்கள் என்று
ஜூலையிலேயே கேட்டிருந்தேன்.
அபர்டீனில் அக்டோபர் பிறந்துவிட்டது.
கிரானைட் சுவர்கள் மழையில்
மீன் செதிலாய் மினுங்குகின்றன.
சமூகப்பணித் துறையில் பதினொரு ஆசிரியர்கள்.
வந்திருக்கும் குறிப்புகள் நான்கு.

முதலில் அனுப்பியவர் டார்க்வில் மியர்ன்ஸ்,
இருநூற்றெண்பது சொற்கள்.
வடகடலின் எண்ணெய் மேடையில் ஒன்பது ஆண்டு வெல்டர்.
பக்கத்துப் படுக்கைக்காரன்
கரை திரும்பிய மூன்றாம் நாள்
தன்னை முடித்துக்கொண்டதையும்,
அந்தக் குளிர்காலமே தான்
முப்பத்தாறு வயதில் கல்லூரிக்கு விண்ணப்பித்ததையும்
ஒரே மூச்சில் எழுதிவிட்டு
அடுத்த வரி: ஆர்வங்கள், ஊறுகாய் போடுவது.
எதை வெட்ட?
ஊறுகாயை வெட்டினேன்.
மதியத்துக்கு மேல் மனம் கேட்கவில்லை.
விருதுகள் இரண்டை எடுத்துவிட்டு
ஊறுகாயைத் திரும்ப வைத்தேன்.

எபுன் அடெயின்கா இபாடானில் செவிலியர்.
இங்கே வந்து முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
பகலில் முனைவர் பட்டம்.
ஆய்வு: புலம்பெயர்ந்த பராமரிப்பாளர்களின் உறக்கம்.
துறைக் கூட்டங்களில்
கண் திறந்தபடியே அவர் உறங்குவதை
அவரும் எழுதவில்லை,
நானும் சேர்க்கவில்லை.

ப்ரோனா டெவ்லின் டெரிக்காரி.
'என் அப்பா சிறையில் இருந்தார்' என்று எழுதினாள்.
மறுநாள் அடித்தாள்.
புதன்கிழமை, 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்றாள்.
வெள்ளி மாலை மறுபடி அடித்தாள்.
இப்போது அங்கே ஒரு காற்புள்ளி மட்டும்
பேருந்து இருக்கையில் போட்ட கைக்குட்டைபோல
இடம் பிடித்துக் கிடக்கிறது.

பிறகு இஷ்பெல் ரென்னி. ஒரே வரி.
'குழந்தைகள் பாதுகாப்பில் பதினேழு ஆண்டு,
கற்பித்தலில் பதினான்கு.'
ஆர்வங்கள் என்ற இடம் காலி.

இஷ்பெல் மின்தூக்கியில் ஏறமாட்டாள்.
படி இறங்கும்போது
வாய்க்குள் எண்ணிக்கொண்டே போவாள்.
என் கதவு படிக்கட்டை ஒட்டியது.
ஆறு வருடமாகக் கேட்கிறேன்.
யாரென்று
முதல் நாளே தெரியும்.

டோரியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி.
படிக்கட்டு விளக்கு எரிந்ததே இல்லை.
எனக்கு ஒன்பது வயது.
பச்சைக் கோட்டுப் பெண்ணொருத்தி
தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
இருட்டில் எண்ணியபடி இறங்கினாள்,
நாற்பத்தொன்று வரை.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஒரு காலில் காலுறை இல்லை.
அடுத்த வாரம் என்னைக் கூட்டிப்போக வந்தவள் வேறொருத்தி.
அவள் எண்ணவில்லை,
இரண்டு முறை தடுமாறினாள்.

தம்பி இன்வர்னெஸில் லாரி ஓட்டுகிறான்.
கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும்,
சில வருடம் வராது.
அன்று அவனைத் தூக்கிப்போனது சரிதான்.
எனக்குத் தெரியும்.
சரி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இன்று மேசையருகே வந்து நின்றாள்,
நனைந்த குடையோடு.
'எனக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுவது?
ஆறு வருடமாகப் பார்க்கிறாயே, நீயே சொல்லேன்.'

நாக்கு நுனிவரை வந்தது
நாற்பத்தொன்று.

'தோட்டம்?' என்றேன்.
சிரித்தாள். 'போட்டுவிடு.'
அவள் குடியிருப்பது நான்காம் மாடியில்.
பால்கனிகூடக் கிடையாது.
தோட்டக்கலை என்று தட்டச்சு செய்தேன்.

படியில் அவள் இறங்கும் சத்தம்.
கூடவே நானும் எண்ணினேன்.
இங்கே முப்பத்தாறுதான்.

டார்க்விலின் புகைப்படம் இன்னும் வரவில்லை.
மீதி ஏழு பேருக்கு
மூன்றாம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும்.