மீசையில் ஒட்டிய மண்

வெடித்தது காலை ஏழு இருபதுக்கு.
ஏழரைக்கு நிறுவனத்தின் அறிக்கை:
“நிறையத் தரவு கிடைத்திருக்கிறது.”
கட்டுப்பாட்டு அறையில் சிலர் கைகூடத் தட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
கோபமெல்லாம் இல்லை,
கையில் காபி இருந்தது.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
ஒட்டியது.
அந்த மண்ணைத் துகள் துகளாகக் கிள்ளியெடுத்து
எடை போட்டு, எண் கொடுத்து,
பையிலிட்டு மூடுவது என் வேலை.
பெயர் நெரேய்டா. கொட்டகை எண் நான்கு.
டெக்சஸின் தென்கோடி;
இதற்குக் கீழே ஆறு,
ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோ.

கொட்டகைத் தரையில் சுண்ணக்கட்டியால்
ராக்கெட்டை அதன் முழு நீளத்துக்கும் வரைந்திருக்கிறோம்.
கிடைத்த துண்டு அதனதன் இடத்தில்.
பாதிக்கு மேல் வெறும் கோடு.
இரவுக் காவலர் அதைத் தாண்டும்போது
மிதிக்காமல் சுற்றிப் போகிறார்.
யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

போய், வந்து, நின்று,
துடைத்து நிரப்பினால்
மறுபடி போக வேண்டிய வண்டி இது.
போவது எங்களுக்கு வந்துவிட்டது.
வருவதுதான் இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது.
டாங் வான் கியெம், இறால் படகுக்காரர்.
“உங்கள் சாமான் ஒன்று என் வலையில் கிடக்கிறது.
வலை போச்சு. முதலில் அதைப் பேசுவோம்.”
நானும் எவரார்டோவும் போனோம்.
ஐஸ் பெட்டிக்குள் இறாலுக்கு நடுவே
ஒரு மீத்தேன் வால்வு,
விலை கேட்டுப் போகலாம் போலப் படுத்திருந்தது.
இழப்பீட்டுப் படிவத்தில்
‘இழந்தது என்ன’ என்ற கட்டத்தில் அவர் எழுதினார்:
ஒரு வலை. ஒரு ராத்திரி.
எங்கள் படிவத்திலும் அதே கட்டம் உண்டு.
நாங்கள் அதில் பாகத்தின் எண்ணை எழுதுவோம்.

வால்வு கட்டைவிரல் அகலம் திறந்திருந்தது.
தரவைத் திரும்பப் பார்த்தேன்.
மூடியிருக்கிறேன், மூடியிருக்கிறேன் என்று
விநாடிக்கு ஆயிரம் முறை
சென்சார் சொல்லிக்கொண்டே இருந்தது,
தீ பிடித்த பிறகும்.
பொய்யில்லை. அதைக் கதவில் வைக்கவில்லை,
கதவைத் தள்ளும் தண்டில் வைத்திருந்தோம்.
தண்டு நகர்ந்தது. கதவு நகரவில்லை.
தான் பார்த்ததை அது சொன்னது.
அங்கே வைத்தால் போதும் என்ற வரைபடத்தின்
வலது மூலையில் ஒரு கையெழுத்து.
என்னுடையது.

கூட்டத்தில் ‘யார்’ என்று கேட்பதில்லை,
‘எங்கே’ என்றுதான் கேட்பார்கள்.
அது நல்ல வழக்கம். பலரைக் காப்பாற்றியிருக்கிறது.
அன்றைக்கு எனக்கு மட்டும்
யாராவது ‘யார்’ என்று கேட்டால் தேவலை போலிருந்தது.
கேட்காமலே “நான்தான்” என்றேன்.
ஏசி சத்தம் கேட்டது.
எவரார்டோ பலகையில் எழுதினார்:
சென்சார், தண்டிலிருந்து கதவுக்கு.
அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

நான்கு மாதம் கழித்து அடுத்தது.
நானூற்றுப் பன்னிரண்டாம் விநாடி
வந்தது, போயிற்று.
என் வால்வு மூடியது. உண்மையாகவே மூடியது.
அதற்குப் பிறகு என்ன பார்ப்பது என்று
எனக்குத் தெரியவில்லை;
அந்த விநாடிக்கு அப்பால்
நாங்கள் ஒருவரும் போனதேயில்லை.
கடலுக்கு மேலே நிமிர்ந்து இறங்கியது.
மூன்று மாடி உயரத்தில்
நடு எஞ்சின் ஒன்று சீக்கிரம் அணைந்தது.
சாய்ந்தது.
சத்தம் எங்களை வந்தடைய
கொஞ்சம் நேரமானது.

மாலையில் தரையைத் துடைத்துவிட்டுப்
புதிதாகக் கோடு போட்டோம்.
இம்முறை கிட்டத்தில் விழுந்ததால்
கோடு குறைவு, துண்டு அதிகம்.

மறுநாள் கியெம் போன் செய்தார்.
வலையில் ஒன்றும் மாட்டவில்லையாம்.
“அடுத்தது எப்போது?” என்றார்.
ஆர்வமா என்று கேட்டேன்.
“இல்லை, புது வலை.
அன்றைக்கு வேறு பக்கம் போக வேண்டும்.”
தேதி இன்னும் முடிவாகவில்லை என்றேன்.
முடிவானதும் சொல்லச் சொன்னார்.
எண்ணைக் குறித்துக்கொண்டேன்.