ஒன்றை மட்டும் டிக் செய்யவும்

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
அறுவை சிகிச்சை அழகுக்கா, செயல்பாட்டுக்கா?

லீ பஜார் மண்டியில் ஏழு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
ஒரே தொகையை இரண்டு பத்தியில் ஏற்றக்கூடாதென்று தெரியும்.
பேனாவைக் கடித்து யோசிக்கலாமென்றால்
கடிக்கத்தான் முடியாதே.

இருபத்தொன்பது வருடம்
எதிரெதிர் வீட்டில் குடியிருந்தும்
என் முன்பற்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.
கீழ்த்தாடை எப்போதும் ஓர் எட்டு முன்னால்,
டவுன் பஸ்ஸில் துண்டு போட ஓடுகிறவளைப் போல.
தைத்த நூலைப் பல்லால் அறுத்ததில்லை.
தட்டுவடை செட்டைக் கன்னத்தோரம் செருகித்
தலையைச் சாய்த்துக்
கடைவாயால் உடைத்துத்தான் தின்பேன்.
இதெல்லாம் செயல்பாடு.

ஓமலூர் மாப்பிள்ளை வீட்டார்
பக்கவாட்டில் ஒரு போட்டோ கேட்டதும்,
எல்லாக் கல்யாண ஆல்பத்திலும்
யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால்
நான் பாதி முகமாய் நிற்பதும்
எந்தக் கட்டத்தில் சேரும்?

திரையில் என் மண்டையோட்டைச் சுழலவிட்டு
டாக்டர் சொன்னார்:
மேலே நான்கு மில்லிமீட்டர் முன்னால்,
கீழே ஆறு பின்னால்.
கூட்டினால் ஒரு சென்டிமீட்டர்.
பேரேட்டில் நான் விடும் மார்ஜின்கூட அதைவிட அகலம்.

செயல்பாடு என்று டிக் போட்டேன்.
டிக்கின் வால் நீண்டு
அடுத்த கட்டத்திலும் கொஞ்சம் பட்டது.

பதினோராம் நாள்
பற்களை ரப்பர் வளையங்களால் பூட்டிக்கொண்டு
ஏற்காடு பஸ் ஏறினேன். அக்கா வீடு மேலே.
கைப்பையில் குட்டிக் கத்தரிக்கோல்.
வாந்தி வந்தால் முதலில் ரப்பரை வெட்டு, அப்புறம் குனி
என்றிருந்தார் நர்ஸ்.
நான்காம் கொண்டை ஊசி வளைவில்
பக்கத்து இருக்கைக்காரர் எலுமிச்சம்பழம் நீட்டினார்.
மோந்து பார்த்தேன்.
ஒன்பதாவதில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.
அவர் எழுந்துபோய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த அக்கா
"யாரு வேணும்?" என்றாள்.
விளையாட்டுக்குத்தான்.
சொல்லிவிட்டு அவளும் கேட்டுவிட்டு நானும்
வாசல்படியிலேயே கொஞ்சம் நின்றோம்.

அவளுக்கும் இதே தாடை.
இதே இல்லை, பழையது.
பதிவேட்டில் கனகவல்லி, வீட்டில் வல்லி.
கீழுதடு மேல்பல்லைத் தொடாத வாய்க்கு
வ எப்படி வரும்?
பல்லியக்கா என்றே கூப்பிட்டு வளர்ந்தேன்.
யாராவது பெயர் கேட்டால்
அவளும் பல்லி என்றுதான் சொல்வாள்.

ஆறு வாரம் மிக்ஸி ஓடியது.
ரசத்தில் கரைத்த இட்லி, பாலில் பப்பாளி,
ஒரு ஞாயிறு கோழிக்குழம்பே வடிகட்டி.
சிரிஞ்சைக் கன்னத்துக்குள் நுழைக்கும்போதெல்லாம்
அவள் வாய் தானாகத் திறந்து மூடும்.
இடித்துக் கட்டிய வீட்டில்
பழைய ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடுகிறவளாய்
என் முகத்தைப் பார்ப்பாள்.

நீயும் பண்ணிக்கயேன்,
நோட்டில் எழுதிக் காட்டினேன்.
படித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்:
நாளைக்கு முருங்கைக்கீரை சூப்.

ரப்பர் கழற்றிய அன்று "வல்லி" என்றேன்,
வகரம் சுத்தமாக.
மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தவள்
திரும்பவில்லை.

நான்காம் மாதம் கம்பெனியிலிருந்து கடிதம்.
அழகு சார்ந்தது. நிராகரிக்கப்படுகிறது.
கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து,
நல்ல வளைவான கையெழுத்து.

அன்று சாயந்திரம் குகையில்
தள்ளுவண்டி முன் நின்றோம்.
முன்பல்லால் கடித்தேன்.
கடக்.
தட்டுவடையில் பிறை மாதிரி ஒரு வெட்டு,
அதில் பல் பல்லாக வரிசை.
இதைப் படிவத்தோடு பின் அடித்து அனுப்பியிருக்கலாம்.
கீழுதடு இன்னும் மரத்தே கிடக்கிறது.
பீட்ரூட் ஒட்டியிருப்பது எனக்குத் தெரியவில்லை,
அக்கா கட்டைவிரலால் துடைத்தாள்.
பிறகு தன் செட்டைக் கன்னத்தோரம் செருகித்
தலையைச் சாய்த்தாள்.

வண்டிக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அக்கா தங்கச்சிதானே?"
எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தபோதுதான் கவனித்தேன்,
இரண்டாவது கடிக்கு
என் தலையும் சாய்ந்திருந்தது.
"இன்னொரு செட் போடவா?" என்றார்.